விளாவிய தண்ணீர்

என் கணவரின் வயிற்றில் என் சிறுநீரகம் ஒன்று இருக்கிறது. நான் கொடுத்தது. அதை வேற்றாள் என்று கண்டுபிடித்து உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை அவர் காலையும் மாலையும் விழுங்க வேண்டும். அதனால் ஒரு வாய் பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. சிதம்பரத்தில் எங்கள் தெருவில் எனக்குச் சுடுதண்ணிக்காரி என்றே பெயர். கல்யாண வீட்டுக்கும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் ஐப்பசி பாதி வரை மழையே இல்லை. சித்திரை மாதிரி வெயில் கொளுத்தியது. வெள்ளாற்றுக்குள் மாடுகள் மேய்ந்தன. பிறகு ஒரே ராத்திரியில் மொத்தத்தையும் கொட்டித் தீர்த்தது. முன்பெல்லாம் தூறி, நின்று, மறுபடி தூறித்தான் மழை பிடிக்கும். இப்போது அது யார் மேலோ உள்ள ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வதுபோலப் பெய்கிறது.

தண்ணீர் வடிந்ததும், புவனகிரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர் மருமகளுக்கு வளைகாப்பு. வெள்ளம் அவர்கள் வீட்டுக் கிணற்றுக்குள்ளேயே இறங்கியிருந்தது. அதற்குப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். வாடை வாசல் வரை அடித்தது. அந்தக் கூட்டத்தில் யாரோ குழந்தைக்குப் பால் கரைக்க என் பிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டார்கள்.

"தம்பிக்குத் தனியா காய்ச்சி வச்சிருக்கேன். நீ ஏம்மா இப்படி பதறுற?" என்று நாத்தனார் சொம்பைக் கொண்டுவந்தார். அவருக்குத் தம்பி என்றால் உயிர். இவரும் மடமடவென்று குடித்தார்.

ஒரு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கண்கள் குழி விழுந்திருந்தன, நாக்கு ஒட்டிப் பேச்சுக் குழறியது.

மலப் பரிசோதனையில் ஏதோ கிருமி இருப்பது தெரிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "வெளிய எங்கயாவது தண்ணி குடிச்சாரா?"

"காய்ச்சுன தண்ணிதாம்மா குடிச்சாரு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"சத்தியமா காய்ச்சுனேம்மா" என்றார் அவர். "ரொம்ப சுட்டுச்சு. தாகத்தோட வந்திருக்கானேன்னு ரெண்டு டம்ளர் கெணத்துத் தண்ணி விட்டு வெளாவிக் குடுத்தேன். அதான் மருந்து போட்டிருந்துச்சே?"

திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். சூடு தாங்காது என்று வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவாத வீடு நம் பக்கம் எது?

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பிளீச்சிங் பவுடருக்கெல்லாம் இந்தக் கிருமி சாவாதும்மா" என்றார். கிருமியின் பெயர் என் வாயில் நுழையவில்லை. "மேல ஓடு மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டு இருக்கும். கொதிச்சாதான் சாவும். மாசக்கணக்குல காஞ்சு கெடந்துட்டு ஒரே நாள்ல பேஞ்சா, அங்கங்க கெடக்குற மாட்டுச் சாணி, மனுஷக் கழிவு எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டு வந்து தண்ணியில சேத்துடும். இப்ப மழைக்கு அப்புறம் இந்த கேஸ்தான் ஜாஸ்தி. மத்தவங்களுக்குத் தானா சரியாயிடும். இவருக்கு ஆவாது."

"அப்ப என்னம்மா பண்றது?"

"கிருமிக்கு மருந்து குடுப்போம். கூடவே எதிர்ப்புச் சக்திய அடக்குற மாத்திரையையும் கொறைக்கணும். அப்பதான் உடம்பு எதுத்து நிக்கும். ஆனா அது கிட்னியையும் எதுக்கலாம்."

அவர் உடம்புக்கு அந்தக் கிருமியும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான். இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. ஒன்றைத் துரத்தும்போது மற்றதை விட்டுவிடு என்று ரத்தத்திடம் யார் போய்ச் சொல்வது? வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

ரத்தத்தில் உப்பு ஏறுகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க அதன்பிறகு தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. நர்ஸ் சிரித்துக்கொண்டு வந்தால் ஒரு பயம், சிரிக்காமல் வந்தால் இன்னொரு பயம். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், சிலரைத் திட்டவும் செய்தேன்.

"இது போச்சுன்னா உங்கிட்ட இன்னொண்ணு கேக்க முடியாதுல்ல" என்றார் இவர் ஒருநாள். விளையாட்டுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். சும்மா கெடங்க என்று சீறிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒருவழியாக வயிற்றுப்போக்கு நின்றது. மாத்திரையைப் பழையபடி ஏற்றினார்கள். ஆனால் ரத்தத்தில் ஏறிய உப்பு முழுசாக இறங்கவில்லை. சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கிவிட்டது. "இருக்குறத வச்சு நல்லா ஓட்டலாம்மா" என்ற டாக்டரம்மா, என்னைத் தனியே அழைத்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்றார். நான் அதை இவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்ப வார்டிலேயே காருக்குக் காத்திருந்தோம். இவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. விவசாயக் குடும்பத்தில் பிறந்த மனிதர். வானம் கறுத்தால் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்க்கிறவர்.

"மழ வருதுடி" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.