அடுப்பைக் குனிந்து பார்த்த அதிகாரி

மகன் ஒரு மதியம் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு விருந்தாளி ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் இந்தோனேசியாவில் பிறந்த தமிழர், அங்கே ஒரு மாகாணத்து அதிகாரி. இங்கே பயிற்சிக்கு வந்திருந்தார். நரைத்த மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வந்தவர், நேரே என் சமையலறைக்குள் போய் அடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். என்னைக் கேளாமல் அங்கே ஒருவரும் நுழைவதில்லை.

"என்ன தம்பி தேடுறியள்? இது கரண்ட் அடுப்பு."

"மன்னிச்சிடுங்கம்மா. எந்த வீட்டுக்குப் போனாலும் கேஸ் குழாயைப் பார்த்திடுவேன். எங்க நாட்டு அரசாங்கத்துல மண்ணெண்ணெயை நிறுத்திட்டு வீட்டுக்கு வீடு கேஸ் கொடுக்கச் சொன்னாங்க. ஜனங்களுக்குப் பழக்கிக் காட்ட நேரம் தரல. வேகமாக் கொடுத்து முடிச்சேன். எங்க அக்கா வீட்டுல கேஸ் வெடிச்சிடுச்சு."

"ஐயோ, அக்காவுக்கு என்ன நடந்தது?"

"போயிட்டாங்க. மத்த மாகாணத்துக்கு முன்னாடி முடிச்சதுக்குப் பரிசாத்தான் என்னை இங்க அனுப்பினாங்க."

நான் சோறு போட்டேன். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.