குழாயில் தெரிந்த பச்சை

காதர் மைதீன் சார் இறந்துபோன செய்தி எனக்கு மண்ணெண்ணெய் வரிசையில் கிடைத்தது. காரைக்குடியில் ரேஷன் கடை வாசலில் டின்னோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலாவது ஆளாக நின்றவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் பள்ளியில் படித்தவர், இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறார்.

"சார், ஒங்களுக்குத் தெரியுமா? நம்ம கணக்கு சார் திருப்பத்தூர்ல காலையில மௌத்தாயிட்டாகளாம். சாயங்காலம் அடக்கமாம்" என்றார். பிறகு அவராகவே, "தங்கமான மனுசன் சார். அன்னைக்கு ஒருநா போட்டுட்டு வகுப்புக்கு வந்தாகள்ல, அதைத் தவிர ஒரு கொறை சொல்ல முடியாது" என்றார்.

'இல்லப்பா, அவர் குடிக்கவில்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். எண்ணெயை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுத் திருப்பத்தூர் பஸ் ஏறினேன்.

பழைய மாணவர்கள் போடும் மலருக்கு அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் அவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவன், அவருக்கு நெருக்கமானவன் என்பது காரணமாம். நெருக்கமானவன்தான். அதுதான் இங்கே வெட்கக்கேடு. வழக்கமாக இப்படிப்பட்ட கட்டுரைகளில் எழுதுகிறவன் தன்னையும் கொஞ்சம் உயரமாக நிறுத்திக்கொள்வான். எனக்கு அந்த வசதி கிடையாது.

அவர் கணக்கு, நான் விஞ்ஞானம். கரும்பலகையில் அவர் போடும் கோடு அளவுகோல் வைத்துப் போட்டது போல இருக்கும். விடை தப்பாக வந்த பையனை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. "தப்பு விடை வந்தா விடையத் திருத்தாதடா. மொதல்ல கேள்வியத் திரும்பப் படி" என்பார். அவரிடம் படித்த எல்லாருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். எனக்கும் மனப்பாடம். மனப்பாடம் மட்டும்தான்.

ஒருநாள் பள்ளி விட்ட பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். தனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், மாத்திரை கொடுத்திருப்பதாகவும், வாரம் இரண்டு தடவை சிறுநீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருப்பதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரத்தத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டிய காலம் அது. "மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன் சயின்ஸ் சார். அத்தாவுக்குச் சீனி இருக்குன்னு தெரிஞ்சா, மகளுக்கும் வரும்னு பேசுவாக. வெளிய தெரியக் கூடாது" என்றார்.

நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பெனடிக்ட் கரைசல் என் அலமாரியில் இருந்தது. சோதனைக் குழாயில் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தால் ஆயிற்று. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் ஆபத்து. திங்களும் வியாழனும் மணி அடிப்பதற்கு முன்னால் அவர் துணிப் பையில் ஒரு சின்ன பாட்டிலோடு வருவார். நான் டாக்டர் தோரணையில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். மாத்திரை நன்றாக வேலை செய்தது. மாதக்கணக்கில் நீலம்தான். அந்த நீலத்துக்கு நானே காரணம் என்பது போல எனக்கு ஒரு பெருமை.

பினாங்கில் கடையில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு பெரிய பாட்டில் நிறைய வைட்டமின் சி மாத்திரை கொண்டுவந்தார். அண்ணனுக்குப் பல் ஈறில் ரத்தம் வருகிறதே என்ற பாசம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று சார் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். புளிப்பு மிட்டாய் மாதிரி இருந்தது. "சத்து மாத்திரைதானே, எத்தனை சாப்பிட்டாலும் நல்லதுதான்" என்றேன்.

அடுத்த வாரம் குழாய் பச்சையானது. அதற்கடுத்த வாரமும் பச்சை. "சீனி ஏறிருச்சு சார்" என்றேன்.

"நான் இனிப்பையே தொடலையே."

"பொய் சொல்லாதீக சார். குழாய் பொய் சொல்லாது."

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அவர் கோபப்படவில்லை. "கேள்வியத் திரும்பப் படிச்சுப் பாத்தீகளா சயின்ஸ் சார்? நான் புதுசா என்ன சாப்பிடுறேன்னு ஒரு தடவை யோசிங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கணக்கு வாத்தியார் எனக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பதா? தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடியுங்கள், மத்தியானச் சோற்றைப் பாதியாக்குங்கள் என்றேன். செய்தார். அப்போதும் பச்சை. ஒரு திங்கட்கிழமை, "ஒரு மாத்திரைக்கு ரெண்டாப் போட்டுப் பாருங்க" என்று சொன்னேன். டாக்டரைக் கேட்கட்டுமா என்றார். "இதுக்கெல்லாமா டாக்டரு? நான் இருக்கேன்ல" என்றேன்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, மத்தியான இடைவேளைக்கு முந்தின பாடவேளை. ஒன்பது பி வகுப்பிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் வகுப்பில் அப்படிச் சத்தம் வராது. போய்ப் பார்த்தேன். சார் கரும்பலகையில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கு குழறியது. ஒரு பையனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். பிறகு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் தலைமை ஆசிரியரும் வந்துவிட்டார். மதுவிலக்கு அமலில் இருந்த நாட்கள் அவை. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, "என்னன்னு பாருங்க சார்" என்றார். நான் குனிந்து அவர் வாயை முகர்ந்தேன். ஐந்து வேளை தொழுகிற மனிதர். அறுபது பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதைச் செய்தேன். நாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நான் முகர்ந்ததே போதுமானதாக இருந்தது. பையன்களுக்கு விஷயம் முடிவாகிவிட்டது.

குதிரை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். போகும் வழியிலேயே நினைவு தப்பியது. டாக்டர் வந்து ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கண் விழித்து, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

டாக்டர் அவர் சாப்பிடும் மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். குழாய் பச்சையானதையும் பாகற்காய்ச் சாறையும் பாதிச் சோற்றையும் சார் மெதுவாகச் சொன்னார். மாத்திரை ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தார். "இது ஒரு நாள் முழுக்க ஒடம்புல நின்னு வேலை செய்யிற மாத்திரை. இதை ரெண்டாக்குனது யாரு? பத்தாததுக்குப் பாகற்காய்ச் சாறு வேற, அரை வயித்துச் சோறு வேற. சீனி அடியோட எறங்கிப் போச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆளே இல்லை" என்றார். பினாங்கு பாட்டிலை எடுத்துப் படித்தார். "இதையும் சாப்பிடுறீகளா? இது ஒண்ணுக்குல நெறைய எறங்குனா, சீனி இல்லாமலே அந்தக் கரைசல் பச்சையாகும். ஒங்களுக்குச் சீனி ஏறவே இல்லை. பச்சையப் பாத்து யாரு கூட்டச் சொன்னது?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். பெனடிக்ட் கரைசல் ஏன் நிறம் மாறுகிறது, எந்தெந்தப் பொருள் அதை மாற்றும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன். அந்தப் புளிப்பு மாத்திரையைச் சப்பிப் பார்த்தவன்.

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் கூட்டிக்கிட்டேன் டாக்டர்" என்றார்.

தாளாளர் அறையில் மூன்று நாள் கழித்து விசாரணை. உடம்புக்கு முடியவில்லை என்றார் சார். என்ன வியாதி என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த வாரம்தான் மகளுக்கு இடம் முடிவாகிக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர், "வாரத்துல ரெண்டு நாள் காலையில பாட்டிலோட லேபுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிறீகளாமே. அங்க ஸ்பிரிட் இருக்கு. அது என்ன விசயம்?" என்று கேட்டார். சார் அப்போது என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பையனின் பதிலுக்குக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை.

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன நேர்மை பாருங்கள்! வியாதியின் பெயரைச் சொல்லாமலே, 'அவர் என்னிடம்தான் வந்தார், ஒரு சொட்டு ஸ்பிரிட்கூடத் தொடவில்லை, தப்பு என்னுடையது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைத்தியம் பார்த்தது வெளியே வரும், கொலை செய்யப் பார்த்தான் என்பார்கள், வேலை போகும். பயந்தேன். அவ்வளவுதான். அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அந்த வருஷம் அவருக்கு வந்திருக்க வேண்டிய உதவித் தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

சில வருஷங்களில் எனக்கும் சர்க்கரை வந்தது. கூடவே ஆஸ்துமா இழைப்பும் இருந்தது. இழைப்புக்கு வேறொரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூச்சு சரியானது. ஆனால் தாகம் அடங்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் தற்செயலாக அவரைச் சந்தித்தேன். என்னைப் பார்த்ததும், "என்ன சார், பாதியாப் போயிட்டீக?" என்று பதறிப்போய்க் கேட்டார். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். "இழைப்பு மாத்திரையில ஒரு வகை சீனிய ஏத்திவிடும்னு சொல்லுறாக. ஆனா நீங்களா நிறுத்திராதீக, அது அதைவிட ஆபத்து. ரெண்டு மருந்தையும் ஒரே பையில போட்டு ஒரே டாக்டர் முன்னாடி வையுங்க. ஒண்ணு உள்ள வந்தா, ஏற்கெனவே உள்ள யாரு இருக்கான்னு அதுக்குச் சொல்லணும் சார்" என்றார். அவர் சொன்னபடி செய்தேன், டாக்டர் அளவை மாற்றினார், பிழைத்துக்கொண்டேன். என்னிடம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. என் பஸ் புறப்படும்வரை நின்றுகொண்டிருந்தார். நானும் அப்போது வேறு எதையும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவர் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மகள் தேநீர் கொண்டுவந்தார். அன்றைக்குக் கல்யாணம் நிச்சயமான அதே மகள்; இப்போது, ஒன்பது வருஷம் கழித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"அத்தா எல்லாம் சொல்லியிருக்காக சார்" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "எனக்கு நிக்காஹ் முடிஞ்ச பெறகு சொன்னாக. நீங்களே போயி அவுகளக் கேளுங்கத்தா, எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்கன்னு நான் சண்டை போட்டேன். 'கேட்டு வாங்குனா அவரு சொன்னதா ஆகாதும்மா. நல்ல மனுசன், அவராச் சொல்லுவாரு'ன்னாக. பஸ் ஸ்டாண்டுல ஒங்களப் பாத்துட்டு வந்த அன்னைக்குக் கேட்டேன், சொன்னாகளாத்தான்னு. 'இன்னைக்கு அவருக்கு ஒடம்பு சரியில்லம்மா'ன்னாக."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஒன்பது பி வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களில் பலர் இந்த மலரைப் படிப்பீர்கள். அந்த நாளைக் கதையாக வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். இனிமேல் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: சார் குடிக்கவில்லை. விஞ்ஞான வாத்தியார் கொடுத்த தப்பு யோசனையில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, சாகக் கிடந்தார். குனிந்து வாயை முகர்ந்தானே, அவனேதான் அந்த விஞ்ஞான வாத்தியார். விசாரணையில் அவன் வாயைத் திறக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, 'நல்ல மனுசன்' என்று அவர் என்னைப் பற்றிச் சொன்னதைத்தான். அதற்கு நான் தகுதியில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அவர் ஒன்பது வருஷம் கொடுத்திருந்தார்.