எழுந்து நின்ற சணப்பு

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பேர் தகரம். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு இதென்ன பேர் என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் இழுக்கிற உருளையை என் பட்டறையில் செய்தவன் நான்.

சோளத்துக்கு முன்னால் நிலத்தில் உரத்துக்காகச் சணப்புச் செடி வளர்ப்போம். அது பூத்ததும் வெட்டாமல், உழாமல், உருளையை ஓட்டித் தண்டை நசுக்கிச் சாய்க்க வேண்டும். அப்படியே காய்ந்து பாய் விரித்த மாதிரி மண்ணை மூடிக்கொள்ளும். களை வராது, ஈரமும் போகாது. அதைக் கீறித்தான் வரிசையாகச் சோளம் விதைப்பது. உருளையின் மேல் பற்றவைத்த இரும்புப் பட்டைகள் கூராக இருந்தால் தண்டு அறுபட்டு மறுபடி துளிர்த்துவிடும். அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு விளிம்பையும் மழுக்கினேன். பெரிய வேலைக்காரன் என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்பு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மச்சானுடைய அண்ணன் நிலம். சணப்பு ஆள் உயரம். தலை சுற்றுகிறதென்று அண்ணன் அதற்குள் போய் நிழலுக்குப் படுத்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். ஓரிடத்தில் உருளை லேசாகத் தூக்கிப் போட்டது. கல் என்று நினைத்து மச்சான் ஓட்டிக்கொண்டே போனார். திரும்பி வரும்போதுதான் செருப்பைப் பார்த்தார்.

அதற்கப்புறம் யார் நிலமானாலும், உருளையை இறக்கும் முன் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு முழுவதும் நடப்பார். "அண்ணே, எந்திரிங்கண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே போவார். "முயலையெல்லாம் பஸ் ஏத்தி அனுப்பிட்டியா?" என்று கேட்ட ஒருத்தனோடு நான் கைகலப்புவரை போயிருக்கிறேன்.

அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, அதற்கப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. இந்த வருஷம் என்னிடம் சொல்லியனுப்பினார்: "சணப்பு போட்டிருக்கேன். பூத்ததும் வந்து உருட்டச் சொல்லு."

அதே நிலம். மச்சான் பூக்கும்வரை காத்திருக்கவில்லை. மொட்டுகூட விடாத பயிரை ஒரு காலையில் போய் உருட்டிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூக்காம உருட்டினா எந்திரிச்சிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

"முழங்கால் உசரந்தான் மாப்ளே. ஆள் படுத்திருந்தா தெரியும்."



நாலாம் நாள் சணப்பு கழுத்தை வளைத்து எழுந்தது. வாரத்துக்குள் நிலம் முழுக்க நின்றது. மச்சான் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நான் சாய்ச்சதெல்லாம் எந்திரிச்சு நிக்குது மாப்ளே. அண்ணன் மட்டும் எந்திரிக்கல."

அன்றைக்கே அந்த உருளையை அறுத்துப் போடலாமா என்றிருந்தது எனக்கு.

மூன்று வாரத்தில் பூத்தது, தலைக்கு மேல், மஞ்சளாக. இனி விட்டால் காய் பிடித்து விதை கொட்டும். சோளத்தோடு சோளமாக அதுவும் முளைக்கும். அண்ணிக்கு அந்த வருஷத்துப் பிழைப்பே போய்விடும். மச்சான் தகரத்தோடு வரப்புவரை வந்தார். உள்ளே கால் வைக்க முடியவில்லை. இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் நாள் நாங்கள் வரப்பில் நிற்கும்போது அண்ணி வந்தார். மச்சான் கையிலிருந்த தகரத்தை வாங்கிக்கொண்டு சணப்புக்குள் நுழைந்தார். எங்களுக்குத் தெரிந்தது ஆடுகிற பூக்கள்தான். தட்டுகிற சத்தம் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது, மறுபடி போனது. வெயில் ஏறிவிட்டது. வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் பூ உதிர்ந்திருந்தது.

"உள்ள யாரும் இல்ல. வண்டியில ஏறுங்க."

மச்சான் ஏறினார். பாதி நிலத்தில் உருளை லேசாகத் தூக்கிப் போட்டது. வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான்தான் ஓடினேன். ஒரு கல். எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மீதி நிலத்தை முடித்தார்.

ஐந்தாம் நாள் மூவரும் போய்ப் பார்த்தோம். சணப்பு பழுப்பாகிப் படுத்துக் கிடந்தது. மச்சான் குந்தி உட்கார்ந்து ஒரு தண்டைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். விழுந்தது. அடுத்ததை நிறுத்தினார். அதுவும் விழுந்தது. அப்படியே போய்க்கொண்டிருந்தார்.

"போதும் தம்பி. இனி எந்திரிக்காது," என்றார் அண்ணி.

மூன்று வருஷத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அப்போதுதான். மச்சான் கையிலிருந்த தண்டை விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.