இரண்டு பக்கமும் கிரீஸ்

என் மூத்தவள் ஐலீனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்குப் பால் வற்றிவிட்டது. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட இரண்டாவது வருஷம் அது. மரவள்ளிக் கஞ்சித் தெளிவைச் சங்கில் ஊற்றினால் பிள்ளை துப்பிவிடும். ஒரு காலையில் பின்வாசல் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஒரு டின் பால் இருந்தது. யாரோ துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆனால் சுற்றியிருந்த காகிதத்தை உரித்தபோது கிரீஸ் வாடை அடித்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்த வாடை ஒருவருக்குத்தான் உண்டு. வீரமுத்து அண்ணன். லாரிக் கொட்டகையில் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடப்பவர். தொட்ட இடமெல்லாம் கறுப்பு விரல் பதியும் என்று யார் வீட்டுக் கதவையும் தொடமாட்டார், தள்ளி நின்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, பால் வச்சது நீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏது டிரசரம்மா பாலு? நான் பாலக் கண்டே ரெண்டு வருசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் செபஸ்தியன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பவர். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி எட்டு மைல். சண்டையில் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன காரில்தான் அவர் பிரசவக்காரிகளையும் காய்ச்சல்காரர்களையும் கொண்டுபோவார். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் அது இருமிக்கொண்டே ஓடும். வெள்ளைக்காரன் சொத்தை ஒளித்தவன் தலை போகும் என்று உத்தரவு இருந்தது. அவரோ, இது ஒரு சீன முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த கார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நிறத்தை மாற்றினார், நம்பர் பலகையை மாற்றினார். நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லி மாதாவிடம் அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன்.

ஏப்ரலில் ஜப்பான்காரன் ஆள் ஒருவன் வந்து சொன்னான். சனிக்கிழமை ஜப்பான் அதிகாரி வருகிறார், காரின் அடிச்சட்டத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பார், பழைய கிரீஸ் எல்லாம் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும்.

புதன்கிழமை வீரமுத்து அண்ணன் காரைக் கட்டைமேல் ஏற்றி, கோணிச் சாக்கு விரித்து அடியில் படுத்தார். மண்ணெண்ணெய் விளக்குக்கே கிடையாது. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஊற்றி ஊறவிட்டார். செம்மண்ணும் கிரீஸும் சேர்ந்து பாறைபோல் இறுகியிருந்ததை மழுங்கிய ரப்பர் பால்வெட்டுக் கத்தியால் செதுக்கினார். தேங்காய் மட்டையால் தேய்த்தார்.

மறுநாள் எங்கள் பின்வாசலில் தள்ளி நின்று, "டிரசரக் கூப்பிடுங்கம்மா, மெதுவா" என்றார்.

என் வீட்டுக்காரர் வந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "முன்னால ஸ்பிரிங் மாட்டுற எடத்துல, சட்டத்துல தொரை பேரெழுத்து மூணும் வெட்டியிருக்கு சார். உளி வச்சு அடிச்சிருக்கான்."

நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"அரம் போட்டு ராவிடலாமா அண்ணே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ராவுனா புது இரும்பு பளிச்சுனு நிக்கும். அவன் கண்ணு நேரா அங்கதான் போகும்."

"பின்ன என்ன செய்யிறது?"

"அழுக்கு மறைச்சத அழுக்குதான் மறைக்கணும். ரெண்டு நாளா சொரண்டுனத நானே திருப்பி வைக்கப் போறேன். என் பொழப்பப் பாத்தீங்களா" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சுரண்டிய கிரீஸைச் செம்பனை எண்ணெயில் உருக்கி, துணியில் வடிகட்டி, எழுத்துகள்மேல் நான்கு விரல் அகலம் பூசினார். மறுபக்கத்து ஸ்பிரிங்குக்கும் அதே அளவு பூசினார். "ஒரு பக்கம் இருந்தா அழுக்கு. ரெண்டு பக்கமும் இருந்தா வேலை" என்றார்.

சனிக்கிழமை என்றவர்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். அதற்குள் அண்ணன் ஒரு தப்புச் செய்திருந்தார். அடி கழுவிய வண்டியைக் கட்டையிலிருந்து இறக்குமுன் சட்டத்தின் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்துக் கும்பிடுவது கொட்டகை வழக்கம். இருபது வருஷப் பழக்கம். கை தானாக வைத்துவிட்டது. ஒரு பொட்டு சரியாக அந்த எழுத்துகள்மேல், ஈரக் கிரீஸில் ஒட்டிச் சிவந்து நின்றது.

நான் ஆஸ்பத்திரி ஜன்னல் இடுக்கில் நின்றேன். அதிகாரி குனிந்தார். கூட வந்தவர் மலாய் மொழியில் அதட்டினார். இது என்ன அடையாளம், யாருக்குச் சொல்கிறாய்?

"சாமிக்கு, துவான்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார் அண்ணன்.

அழிக்கச் சொன்னார்கள். மூன்று பொட்டைத் துணியால் துடைத்தார். நான்காவதைக் கட்டைவிரலால் அழுத்தி வழித்தார். சிவப்பு மட்டும் போனது, கிரீஸ் எழுத்துக்குள் இன்னும் இறங்கியது. அதிகாரி அந்தக் கறுப்பைப் பார்த்தார். அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. இங்கே ஏன் சுத்தமில்லை?

"ஸ்பிரிங் எடம், துவான். கிரீஸ் இல்லன்னா ஒடஞ்சிரும். அந்தப் பக்கமும் பாருங்க."

அதிகாரி மறுபக்கம் நடந்தார். என் வீட்டுக்காரர் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஐலீன் சிணுங்கினாள், நான் அவள் வாயில் என் விரலை வைத்தேன். அருள்நிறைந்த மரியே மந்திரத்தில் பாதிக்குமேல் எனக்கு வரவே இல்லை.

அதிகாரி நிமிர்ந்து தலையை ஆட்டினார். கார் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், மாதாமாதம் வந்து பார்ப்போம் என்றார்கள். அப்புறம் அண்ணனிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வண்டி வேலை தெரிந்த ஆள் என்று.

பத்தாம் நாள், சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்த பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. எங்களுக்காகப் பூசிய கிரீஸ்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்று இன்றைக்கும் என் மனசு சொல்கிறது. அவருக்காக வைக்கும் பூசையில் ஆண்டவரிடம் அதைத்தான் சொல்கிறேன். அவர் திரும்பி வரவில்லை.

அவரை ஏற்றிப்போன அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் லாரி நின்றது. அவித்த மரவள்ளியை இலையில் கட்டிக்கொண்டு ஓடினேன். லாரிமேல் இருந்து குனிந்து, இலையின் நுனியை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, எங்களாலதானே" என்று அழுதேன்.

"அழாதீங்கம்மா, பாக்குறான் பாருங்க" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "டிரசர்ட்ட சொல்லுங்க. மாசம் பொறந்தா வருவான். வண்டி கழுவுறப்ப அந்த எடத்தத் தொடவேணாம். காஞ்சா மேல பூசச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும், மறந்துராதீங்க" என்றார்.