பழைய கோர்ட்டில் ஒரு புது நாடகம்

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன் — நாடகம் பார்க்க. இந்தக் காலத்தில் நாடகத்துக்கு யார் போவார்கள் என்கிறீர்களா? ஹால் நிறைந்திருந்தது சார்!

ஹால் என்றால், வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட் கட்டிடம். கோர்ட் இடம் மாறியபின் வௌவால் குடியிருந்தது. ஸ்கூல் டீச்சர் கலைச்செல்வியும் நண்பர்களும் அனுமதி வாங்கி, வெள்ளையடித்து, குட்டி தியேட்டராக்கிவிட்டார்கள். நீதிபதி உட்கார்ந்த மேடைதான் இப்போது ஸ்டேஜ்.

நாடகத்தை எழுதியதும் கலைச்செல்விதான். நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன்மேல் கேஸ் போடும் தங்கையின் கதை.

"எங்கம்மா கதை சார். இங்க நடந்து நடந்து, முடியாம கேஸையே விட்டுட்டாங்க. மேடையிலயாச்சும் அவங்களுக்குத் தீர்ப்பு கிடைக்கணும். அதுக்குத்தான் எழுதினேன்" என்றார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி வேஷம் உரக்கடை தயாளனுக்கு. கறுப்பு அங்கியோடு அவர் நுழைந்ததுதான் தாமதம்... மொத்த ஹாலும் எழுந்து நின்றது. பாதிப் பேர் இங்கே கேஸ் நடத்தியவர்கள், பழக்கம் விடுமா? முதல் முறை மேடையேறிய தயாளன் ஆடிப்போய்விட்டார்.

கடைசிக் காட்சி. தீர்ப்பு சொல்ல வேண்டும். தயாளன் தொண்டையைச் செருமினார். விட்டத்தைப் பார்த்தார். வசனம் வரவில்லை. வியர்த்துக் கொட்ட, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"வழக்கு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

யாராவது சிரித்தார்களா? ஊஹும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்! 'எந்தத் தேதி?' என்று ஒருவர் பக்கத்துக்காரரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. திரை ஓரத்தில் கலைச்செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அவருடைய அம்மா எழுந்தார்.

"ஐயா, செத்த நில்லுங்க. வாய்தா வாய்தான்னு நான் பஸ்ஸு ஏறி வந்துக்கினு இருந்ததெல்லாம் போதும். நாடகத்துலயுமா? எம் பொண்ணு இதுக்குன்னே எழுதி வெச்சிருக்கா. சொல்லிட்டுப் போங்க."

கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தயாளன் அந்த அம்மாவைப் பார்த்தார். எழுதிக்கொடுத்த சட்டத் தமிழ் போனது போனதுதான்... கடையில் பேசுகிற பேச்சு வந்தது.

"உக்காருங்கம்மா. அண்ணனுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. கெணறு பொது. இனிமே யாரும் பேஜாரு பண்ணக்கூடாது."

கைதட்டலில் ஓடு பெயராததுதான் பாக்கி. கலைச்செல்வி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கர்ச்சீப்பால்.

வெளியே வரும்போது, "திருப்தியாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க" என்று சிரித்தார். "ஆனா எங்கண்ணன் சும்மா இருக்க மாட்டாரு... அப்பீல் போவாரு."