மதில் கட்டிய கொத்தனார்

அந்த நகரத்து மதிலை அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அத்தனை உயரம். அதன் தெற்கு மூலை தன் கைவேலை என்பதில் கொத்தனாருக்குத் தலைகால் புரியாத பெருமை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மதில் பேச்சுதான். "மூத்த தாரம் அந்த மதிலு. நான் சும்மா ரெண்டாந்தாரம்" என்பாள் அவர் மனைவி.

அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது கல் போதாமல் போகவே, ராஜா தோற்கடித்த ஊர்களை இடித்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். திரிகைக் கல், வாசற்படி, கிணற்று விளிம்பு எல்லாம் வந்தன. கைதிகளும் வந்தார்கள். கொத்தனாருக்குச் சாந்து சுமக்கக் கிடைத்தவன், அப்படித் தோற்ற ஊரிலிருந்து பிடித்துவந்த எபிரேய இனத்தான் ஒருவன். மாடாய் உழைப்பான், வாய் திறக்கமாட்டான்.

ஒருநாள் அவன் ஒரு வாசற்படிக் கல்லைத் தூக்கியவன், அதைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டான்.

"என்னப்பா, கல்லக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற?"

"யாரோ மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சிருக்குண்ணே." கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "இந்த மதில் நிக்காது. எங்க ஊர்ல ஒருத்தர் சொன்னாரு."

"யாரு, உங்க ஊர்க் கொத்தனாரா?"

"தோட்டக்காரரு. கடவுள் சொல்லச் சொன்னதச் சொல்வாரு. ஏழைங்க வயித்துல அடிக்கிறீங்க, முதல்ல உங்க ஊருதான் விழும்னு எங்களத்தான் திட்டினாரு. விழுந்துச்சு. அடுத்து, ஊர் ஊரா ரத்தம் குடிச்ச இந்த நகரம்னாரு."

கொத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது மேற்பார்வையாளரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை எபிரேயனின் உடல் தெற்கு மூலையில் தொங்கியது. அதன் கீழே நின்றுதான் கொத்தனார் அன்றைய வரிசையைக் கட்டி முடித்தார். வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அதற்கு ஐந்தாம் வருஷம் எதிரிப் படை வந்து சூழ்ந்தது. இந்த மதிலை என்ன செய்துவிடுவார்கள் என்று ஊரே கேலி பேசியது. பிறகு மழை பிடித்தது. ஊரை ஒட்டி ஓடிய ஆறு பெருகி மதிலின் அடியை அரித்தது. ஒரு காலைப் பொழுதில் தெற்கு மூலை அப்படியே சரிந்தது. அங்கே காவல் நின்ற வீரர்களில் கொத்தனாரின் ஒரே மகனும் ஒருவன். அவன் செருப்புகூடக் கிடைக்கவில்லை. உடைப்பு வழியே படை புகுந்தது. ஊர் மூன்று நாள் எரிந்தது.

பிழைத்தவர்களைக் கயிற்றில் பிணைத்து நடத்திப் போனார்கள். வழியில் மனைவி கேட்டாள்: "சாமி குத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம புள்ள யாருக்கு என்ன பண்ணான்?"

அப்போதுதான் அவர் எபிரேயன் கதையைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

அடுத்த ஊர் எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்:

"அவனுக்கு அம்மா இருந்தாளா?"

"கேக்கலயே."

பிடித்துக்கொண்டு போன தேசத்தில் அவரை வாய்க்கால் வெட்ட விட்டார்கள். அங்கே எபிரேயக் கைதிகளும் இருந்தார்கள். அவர்கள் பக்கம் போக அவருக்குக் கடைசிவரை துணிச்சல் வரவில்லை. பதினோரு வருஷம் மண் வெட்டி, காய்ச்சலில் செத்தார். மனைவிதான் குழி தோண்டினாள்.