மெனு அக்கா பிடித்த திருடி

மெனு அக்கா யாரையும் நம்பமாட்டாள். இதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபம் வராது. ஏதோ பட்டம் கொடுத்ததுபோலத் தலையை ஆட்டிக்கொள்வாள். வீட்டுக்காரர் "அடுப்பை அணைச்சிட்டேன்" என்றால், அவர் சொல்லி முடிப்பதற்குள் சமையலறைக்குப் போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இது நடக்கிறது. "என்னை நம்பாட்டி போகுது, அடுப்பையாவது நம்பு" என்று அவரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பயிற்சி நிலையத்தில். இரண்டாவது மாடியில் எண்பது நாற்காலி போட்ட கூட்ட அறை இருக்கிறது. இன்றைக்கு நர்ஸுகளுக்கு வகுப்பு, நாளைக்கு ஆசிரியர்களுக்கு, மறுநாள் காப்பீட்டு ஏஜெண்டுகளுக்கு என்று வாரம் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். அந்த அறையின் மைக், திரை, கூரையிலிருந்து தொங்கும் புரொஜெக்டர் எல்லாம் பத்தொன்பது வருஷமாக அவள் பொறுப்பு.

மனிதர்களை நம்பாதவள் அந்த புரொஜெக்டரை மட்டும் மனசார நம்பினாள். பேச வருகிறவர்கள் லேப்டாப்பைச் செருகுவார்கள், படம் வராது. உடனே "உங்க மெஷின் ரிப்பேர்" என்பார்கள். அவள் ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறப்பாள். திரையில் வரிசையாகப் பட்டியல் விழும். எந்த வயரிலிருந்து படம் வர வேண்டும், கூரையில் தொங்குகிறதா மேசையில் நிற்கிறதா, அகலம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அவர்கள் கண்ணெதிரே காட்டிவிட்டு, "இதுல எல்லாம் சரியா இருக்கு சார். உங்க வயரைப் பாருங்க" என்பாள். பத்துக்கு ஒன்பது தடவை வயர் பாதிதான் செருகியிருக்கும். அப்படி வந்த பெயர்தான் மெனு அக்கா.

"மெனுவைத் திறந்தா உள்ள இருக்கறது வெளிய தெரியுது. மனுஷனைத் திறந்து பாக்க ஏதாவது பட்டன் இருக்கா?" என்று வீட்டில் கேட்பாள். வீட்டுக்காரர் சட்டைப் பட்டனைத் தொட்டுக்கொள்வார்.

ஒரு தடவை எவனோ ஒரு பேச்சாளன் ரிமோட்டை நோண்டி, எல்லார் முகத்தையும் பச்சையாக்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மெனுவுக்கு நாலு எண் பூட்டு. அந்த எண் மேனேஜருக்குக்கூடத் தெரியாது. கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு சார் அந்தத் தலைவலி" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

மெனுவின் கடைசிப் பக்கத்தில் பல்ப் இதுவரை எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று ஒரு எண் இருக்கும். பல்புக்கு ஆயுசு இவ்வளவு என்று உண்டு. அது முடிந்தால் கூட்டத்தின் நடுவில் பட்டென்று போய்விடும். அதனால் தினமும் சாயங்காலம் அந்த எண்ணைப் பார்த்து, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய தாளில் எழுதிவைப்பாள். ஒரு புதன்கிழமை காலையில் ஏதோ தோன்றி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முந்தின நாள் எழுதியதைவிட அரை மணி நேரம் கூடியிருந்தது.

அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

மறுநாளிலிருந்து காலையிலும் சாயங்காலமும் பார்த்தாள். ஒரு வாரத்துக்கு மூன்று மணி நேரம். அவள் கிளம்பிப் போனபிறகு, திரும்பி வருவதற்கு முன்னால் யாரோ புரொஜெக்டரை ஓட்டுகிறார்கள். சாயங்காலம் காவலாளி மாடியின் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டிவிடுவார். காலையில் ஏழு மணிக்கு வந்து அதைப் போடுகிறவள், அறையைக் கூட்டித் துடைக்கும் பெண். முப்பது வயது இருக்கும். எல்லாருக்கும் அவள் தங்கச்சி. மெனு அக்கா ஒன்பது மணிக்கு வரும்போது தரை பளபளவென்று இருக்கும், தங்கச்சி கீழ்மாடியில் துடைத்துக்கொண்டிருப்பாள், புரொஜெக்டர் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி கூரையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிக்கா பஞ்சம்? முன்வரிசையில் ஒரு நாற்காலி திரையைப் பார்த்துச் சற்றுத் திரும்பியிருந்தது. அதன் கீழே பிஸ்கட் தூள். தங்கச்சியின் போன் ஒருநாள் மேசையில் வயரோடு கிடந்தது. அந்த வயர் சார்ஜ் ஏற்றுகிற வயரா, படம் காட்டுகிற வயரா? மெனு அக்கா எட்டிப் பார்ப்பதற்குள் தங்கச்சி வந்து எடுத்துக்கொண்டாள். "என்னக்கா?" என்றாள் சிரித்தபடி. எதற்குச் சிரிக்கிறாள் என்று மெனு அக்கா அன்று முழுக்க யோசித்தாள். படம் பார்க்கிறாள். ஆள் இல்லாத அறையில், அவ்வளவு பெரிய திரையில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்க்கிறாள்.

மூன்றாவது வாரம் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் அதைத் தொட்டதே இல்லக்கா. காலைல மெயின் ஸ்விட்சைப் போட்டா அதுவே எரியுது. கொஞ்ச நேரத்துல அதுவே அணைஞ்சிடுது. நீங்கதான் அப்படி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

மெனு அக்கா சிரித்தாள். "யார் காதுல பூ சுத்தற? பத்தொன்பது வருஷமா இதோட குடித்தனம் பண்றேன். எனக்கு ஒரு நாளும் தானா எரியலியே, உனக்கு மட்டும் எரியுதா?"

"சத்தியமா சொல்றேன்க்கா. நாலு வருஷமா இங்க வேலை செய்யறேன். ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா?"

"குண்டூசி எண்ணி வெக்கலியே, எப்படித் தெரியும்?" என்றாள் மெனு அக்கா.

மேனேஜர் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகளைப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் விடவும், பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் நிற்கவும் தோதான வேலை இது ஒன்றுதான் என்று தங்கச்சி கெஞ்சிப் பார்த்தாள். மெனு அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்கு லேசாகக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அதைவிடப் பெரிதாக இருந்தது.

தங்கச்சிக்குப் பதிலாக ஒரு ஆள் வந்தார். சீட்டியடித்துக்கொண்டே துடைப்பார். முதல் வாரத்தின் கடைசியில் மெனு அக்கா எண்ணைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் கூடியிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுமா? இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவேளை காவலாளியா? அவர்தான் சாவி வைத்திருக்கிறவர், குரலில் எப்போதும் ஒரு தேன். இல்லை, மேனேஜரா? தங்கச்சியை அவ்வளவு சீக்கிரமாக அனுப்பினாரே, ஏன்? பூட்டு எண்ணை ஒருதரம் கேட்டாரே! வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது, "என்னையும் லிஸ்ட்ல சேத்துக்கோ. எனக்கும் பெரிய திரைன்னா பிடிக்கும்" என்றார் வீட்டுக்காரர். அவள் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் அவரையே உற்றுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கே போய்விட்டாள். காவலாளியிடம் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்ததாக ஒரு கதை விட்டாள். கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, நாற்காலிக் கால்களின் நடுவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஐம்பத்தொரு வயது முழங்கால் கெஞ்சியது.

ஏழு மணிக்குச் சீட்டிச் சத்தம் வந்தது. புது ஆள் வாளியைக் கீழே வைத்தார். வாசல் பக்கச் சுவரில் மெயின் ஸ்விட்சைப் போட்டார். மின்விசிறிகள் சுற்றின. கூரையில் 'பீப்' என்று ஒரு சத்தம். புரொஜெக்டரின் கண் மெல்லச் சிவந்து, வெளுத்து, திரை முழுக்க நீலம் பரவியது. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து. புது ஆள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளித் தள்ளித் துடைத்துக்கொண்டே போனார். படம் எதுவும் வராமல் அரை மணி ஆனதும் நீலம் தானாக அணைந்தது.

யாரும் தொடவில்லை. மெனு அக்கா பின்வரிசையில் கையை ஊன்றி எழுந்தாள். பேயைப் பார்த்ததுபோல அந்த ஆள் துடைப்பத்தைக் கீழே போட்டார். அவள் அலமாரியைத் திறந்து ரிமோட்டை எடுத்தாள், நாலு எண்ணையும் அழுத்தினாள், மெனுவுக்குள் போனாள். நாலாவது பக்கத்தில், அடியிலிருந்து இரண்டாவது வரி. 'மின்சாரம் வந்ததும் இயங்கு: ஆம்.'

யார் மாற்றியது என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது. பூட்டு எண் வேறு யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ரிமோட் காணாமல் போனது. பேச வந்த யாரோ பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏணி போட்டு ஏறி மெஷினில் பட்டனை அழுத்த முடியவில்லை என்று, ஏணிமேல் நின்றுகொண்டே அவள்தான் அந்த வரியை 'ஆம்' ஆக்கினாள். சுவர் ஸ்விட்சைப் போட்டால் போதும், அதுவாக எரியும். நாலாம் நாள் ரிமோட் திரும்பி வந்தது. அது கிடைத்த சந்தோஷத்தில் அவள் அந்த வரியை மறந்துவிட்டாள். தினமும் அவள் வருவதற்குள் அது எரிந்து அணைந்துவிட்டதால் அவள் கண்ணில் படவே இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவமானம் ஒரு பக்கம். அதைவிட, அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் உண்மையைச் சொன்னாள் என்பது நெஞ்சை அறுத்தது.

மேனேஜர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி விடுங்க, மறுபடியும் எதுக்குக் கிளறிக்கிட்டு. புது ஆளும் வந்தாச்சு" என்றார்.

"அவ மேல திருட்டுன்னு எழுதி அனுப்பினீங்க சார். அதை அழிச்சு என் மேல எழுதுங்க. அவளைத் திரும்பக் கூப்பிடற வரைக்கும் நான் இந்த அறையை விட்டுப் போகமாட்டேன்."

மேனேஜர் கடைசியில் ஒத்துக்கொண்டார். புது ஆளைக் கீழ்மாடிக்கு மாற்றி, மெனு அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் தங்கச்சிக்கு ஒரு வேலைக் கடிதமும் அடித்துக் கொடுத்தார்.

தங்கச்சி வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். மெனு அக்காவைப் பார்த்ததும் கை நின்றது.

"நீ சொன்னதுதான் நிஜம். அது தானாத்தான் எரிஞ்சது. அப்படி வெச்சதும் நான்தான்."

"அன்னைக்கே சொன்னேனே."

"சொன்ன. நான் நம்பல. என்னை மன்னிச்சிடு."

"ஒரு நாள் காலைல வந்து நின்னு பாத்திருக்கலாமே மேடம்" என்றாள் தங்கச்சி. குரலில் கோபம்கூட இல்லை.

புது ஆளைப் பிடிக்க ஆறே முக்காலுக்குப் போய்த் தரையில் உட்காரத் தெரிந்தவளுக்கு, தங்கச்சியின் வார்த்தையைச் சோதிக்க ஒரு நாள் போகத் தோன்றவில்லை. மெனு அக்கா கடிதத்தை நீட்டினாள். தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

திரும்ப வந்த முதல் நாள், மாடி வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது மெனு அக்காவின் மேசைக்கு வந்தாள். துணிப்பையை அவிழ்த்துக் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, டிபன் டப்பா, மகளின் ஒற்றைச் சாக்ஸ், போன், வயர் என்று எல்லாம் மேசையில் விழுந்தன.

"பாத்துக்கோங்க மேடம்."

"ஐயோ, என்ன இது! எடுத்து வெச்சுக்கோ. நான் எதுவும் கேக்கலியே."

"நீங்க பாத்துட்டேன்னு சொல்லுங்க. நான் கிளம்பறேன்."

வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். தங்கச்சி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வகுப்புக்கு ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். மேசையில் கிடந்த சாக்ஸை எல்லாரும் பார்த்தார்கள்.

"பாத்துட்டேன்" என்றாள் மெனு அக்கா.

மறுநாளும் பை கவிழ்ந்தது. அதற்கடுத்த நாளும் கவிழ்ந்தது. இரண்டு மாதமாகிறது, ஒரு நாள் தவறவில்லை. இன்றைக்குக் காலையிலும் மெனு அக்கா "பாத்துட்டேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.